பினாங்கில் கடைசி நாள்

விடுமுறைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் எந்த ஓட்டலில் தங்கினோம், எங்கே சாப்பிட்டோம், கடலில் எப்படிக் குளித்தோம் என்று வாய் ஓயாமல் சொல்வார்கள். கடைசி நாளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த நாள் ஈரத் துணியைப் பிழிந்து பையில் திணிப்பதிலும், சில்லறையை எண்ணுவதிலும், பிள்ளைகளை அதட்டுவதிலுமே போய்விடும். எங்கள் குடும்பத்துக்கும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். ஆனால் பினாங்கில் நாங்கள் கழித்த நான்கு நாட்களில், என் மனத்தில் நிற்பது அந்தக் கடைசி நாள் ஒன்றுதான்.

நாங்கள் சுங்காய்க்காரர்கள். பிறந்தது, வளர்ந்தது, பால் மரம் வெட்டியது எல்லாம் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியாகி, இப்போது பட்டணத்தில் ஒரு சிறு வீட்டில் இருக்கிறோம். சுங்காய் என்றால் மற்றவர்களுக்கு சுங்கை கிளா வெந்நீர் ஊற்று ஞாபகம் வரும். எங்களுக்கு விடியற்காலைப் பெரட்டு மணியும் ஆயாக்கொட்டகையும்தான் ஞாபகம் வரும். எங்கள் காலத்தில் விடுமுறை என்று தனியாக ஒன்று கிடையாது. வருஷத்தில் ஒரு நாள் தைப்பூசத்துக்கு லோரி பிடித்து ஈப்போ கல்லுமலைக்குப் போய் வருவோம். அதுதான் பயணம், அதுதான் திருவிழா, அதுதான் கடைப்பலகாரம்.

ஆகவே மகளும் மருமகனும் பள்ளி விடுமுறையில் பினாங்குக்குக் கூப்பிட்டபோது, "இந்த வயசுல எனக்கு என்னத்துக்கு?" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். என் மனைவி விடவில்லை. "நீங்க வரலன்னா அத்தைக்குக் கொடுத்த வாக்கு என்னாவறது?" என்று கேட்டுவிட்டாள். அதற்குமேல் நான் பேசவில்லை.

கொடுத்த வாக்கு

என் அம்மா 1937-ஆம் ஆண்டு, ஏழு வயதுச் சிறுமியாக, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கில் வந்து இறங்கியவர். தாத்தாவும் பாட்டியும் கங்காணி சொல்லைக் கேட்டு வந்தவர்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் வரவழைக்க, தோட்டத் துரைமார்களிடம் பணம் வசூலித்து அரசாங்கம் ஒரு நிதி வைத்திருந்தது. 1907-இல் தொடங்கிய அந்த நிதியில்தான் கப்பல் சீட்டு. அம்மா வந்த அடுத்த ஆண்டு, 1938-இல், இந்திய அரசாங்கம் கூலி ஆட்கள் இங்கே வருவதைத் தடுத்துவிட்டது. "கதவு சாத்துறதுக்கு முன்னாடி உள்ள நொழஞ்சவ நான்" என்று அம்மா சிரிப்பார்.

நாகூர் ஆண்டவர் கோபுரம் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பாட்டி கைகூப்பி நின்றதும், கப்பல் தட்டில் பாய் விரித்து ஒரு வாரம் படுத்துக் கிடந்ததும், ஒரு நாள் காலையில் "மலை தெரியுது, மலை தெரியுது" என்று எல்லாரும் கத்தியதும் அம்மா சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். அந்த மலை பினாங்குக் கொடிமலை. கரையில் உடனே கால் வைக்க விடவில்லை. முதலில் ஒரு தீவில் இறக்கி, நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்து, சில நாள் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். அந்தத் தீவு ஜெரஜாக். அங்கிருந்து பிறைக்கு வந்து ரயில் ஏறி சுங்காயில் இறங்கினார்கள். அதற்குப் பிறகு அம்மா கடலையே பார்க்கவில்லை.

1943-இல் தாத்தாவை சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. பாட்டி ஒருத்தியாகப் பால் வெட்டி அம்மாவையும், இங்கே பிறந்த என் சின்னம்மாவையும் வளர்த்தார்.

1973-இல் 'ரஜூலா' கப்பல் நின்றுவிட்டது என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். 1926-இல் இருந்து நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நம் சனங்களை ஏற்றி இறக்கிய கப்பல் அது. அம்மா அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து, "அந்த எடத்த ஒரு தரம் பாத்துட்டு வரணும்டா" என்றார். எனக்கு வயது பதினைந்து. "போலாம்மா" என்றேன்.

1985-இல் பினாங்குப் பாலம் திறந்தார்கள். பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளம். பல தோட்டங்களில் பஸ் எடுத்துக்கொண்டு பாலம் பார்க்கப் போனார்கள். எங்கள் தோட்டத்திலும் போனார்கள். அந்த மாதம் என் மகள் பிறந்திருந்தாள். "அடுத்த வருஷம் போலாம்மா" என்றேன். 1988 ஜூலை 31-ஆம் தேதி பட்டர்வொர்த் ஃபெரித் துறையில் நடைமேடை இடிந்து 32 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டபின் வீட்டில் யாருக்கும் அந்தப் பக்கம் போக மனமில்லை. பிறகு பிள்ளைகள் படிப்பு, பிறகு வீடு மாற்றம், பிறகு அம்மாவுக்குக் கால் வலி. ஒவ்வொரு தடவையும் "அடுத்த வருஷம்" என்று ஒரு சொல் எனக்குக் கைகொடுத்தது. 2006-இல் அம்மா போய்விட்டார். அஸ்தியைச் சுங்காய் ஆற்றில்தான் கரைத்தோம். ஆறு எப்படியும் கடலுக்குத்தானே போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விடியலில் ஜார்ஜ் டவுன்

மூன்று நாள் பிள்ளைகள் இஷ்டப்படி சுற்றியாயிற்று. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் குளித்தார்கள். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்து பினாங்கு மாநிலத்தில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு, நான் மணலில் உட்கார்ந்தபடியே அவர்கள் தலையை எண்ணிக்கொண்டிருந்தேன். கொடிமலை ரயிலில் ஏறினோம். 1923-இல் ஓடத் தொடங்கிய ரயில் அது. பழைய பெட்டிகள் போய், 2011 முதல் புதிய பெட்டிகள் வேகமாக ஓடுகின்றன. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளையும் மூச்சு வாங்க ஏறினேன். நடுவில் நான்கு இடத்தில் உட்கார்ந்ததை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் நாள் மாலை மூன்று மணிக்கு மேல் பட்டர்வொர்த்தில் ரயில். பன்னிரண்டு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் என்ன பார்ப்பது என்று முதல் நாள் இரவே சண்டை. பேரன் மறுபடியும் கடல் என்றான். பேத்திக்குக் குயின்ஸ்பே கடைத்தொகுதிக்குப் போய்ப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வேண்டுமாம். மகள் பூக்கடைக்கும் புடவைக் கடைக்கும் போக வேண்டும் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சூலியா தெருவில் எங்கள் அறை. விடியற்காலையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பாங்கு ஓசை கேட்டு எழுந்தேன். தோட்டத்துப் பழக்கம், அந்த நேரத்துக்குமேல் தூக்கம் வராது. மனைவியும் எழுந்துவிட்டாள். இரண்டு பேரும் மெல்ல நடந்தோம். கடைசி நாளில் ஊரைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வெயில் இல்லை, காடிகள் இல்லை, கடைகள் கதவு திறக்கவில்லை. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து கொடி ஏற்றிய நாளுக்குப் பிறகு, எத்தனை தேசத்துச் சனங்கள் இந்த ஒரு சின்ன இடத்தில் கும்பிட இடம் தேடியிருக்கிறார்கள் பாருங்கள்! பள்ளிவாசல் 1801-இல் தொடங்கியது. குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833-இல் கட்டியது. இவற்றுக்கு நடுவிலே நாகூர் ஆண்டவர் பேரிலேயே ஒரு தர்கா. நம் தமிழ் முஸ்லிம்கள், கடல் கடந்து வந்த நன்றிக்கு எழுப்பியது. அதன் வாசலில் நின்றபோது என் பாட்டி கப்பலில் கைகூப்பிய கோபுரம் இங்கேயும் வந்து நிற்கிறது என்று தோன்றியது. நானும் கைகூப்பினேன்.

இந்த வட்டாரத்தை 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. பழைய கட்டடங்களை இப்போது இஷ்டம்போல் இடிக்க முடியாது. கடைத்தெரு பக்கம் ஏழு மணிக்கெல்லாம் மல்லிகைச் சரம் தொங்கத் தொடங்கிவிட்டது. மனைவி அம்மனுக்கு ஒரு சரம், மகளுக்கும் பேத்திக்கும் ஒரு சரம் வாங்கினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு மொழம் கொடுங்க தம்பி" என்றாள். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ரயில் இல்லாத ரயில் நிலையம்

பசியாறிவிட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடலோரம் போனோம். பினாங்குக்குப் போகிறவர்கள் நாசி கண்டார் சாப்பிடாமல் வரமாட்டார்கள். அந்தப் பெயரின் காரணம் பலருக்குத் தெரியாது. கண்டார் என்றால் தோளில் காவுகிற தடி. நம் தமிழ் முஸ்லிம்கள் தடியின் ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறு பக்கம் குழம்புச் சட்டி என்று தோளில் காவடி போல் தூக்கிப்போய், துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு அது. கூலிக்காரன் சாப்பாடுதான் இன்றைக்கு ஊருக்கே பெருமை. இதைச் சொன்னதும் பேரன் இன்னொரு கோழித்துண்டு கேட்டான். தாத்தா கதை சொன்னால் அவனுக்குப் பசி வரும்.

துறைமுகத்துக்கு அருகில் விக்டோரியா மகாராணி மணிக்கூண்டு இருக்கிறது. ராணி பட்டத்துக்கு வந்து அறுபது ஆண்டு ஆனதற்காக அறுபது அடி உயரம். 1902-இல் கட்டி முடித்தார்கள். கொஞ்சம் சாய்ந்தாற்போல் நிற்கும். சண்டைக் காலத்தில் குண்டு விழுந்த அதிர்ச்சி என்று சொல்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே கடிகாரக் கோபுரத்தோடு இன்னொரு பெரிய வெள்ளைக் கட்டடம். இப்போது சுங்கத் துறை அலுவலகம். அந்தக் காலத்தில் அது ரயில்வேக் கட்டடம். தீவில் தண்டவாளமே கிடையாது. ஆனாலும் இங்கே ரயில் சீட்டு வாங்கிக்கொண்டு, படகில் அக்கரை போய், பிறையில் ரயில் ஏற வேண்டும். பட்டர்வொர்த் நிலையம் வந்தது 1967-இல்தான்.

பக்கத்தில் சுவெட்டன்ஹாம் துறை. 1904-இல் கட்டியது. இப்போது அங்கே மாடி மாடியாக உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அன்றும் ஒன்று நின்றது. பேரன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"தாத்தா, பாட்டியோட அம்மா... இல்ல, ஒங்க அம்மா இந்தக் கப்பல்லயா வந்தாங்க?"

"இந்த மாதிரி இல்லடா. இதுல மெத்தை இருக்கும். அவங்களுக்குப் பாய்தான்."

"அவங்களும் ஹாலிடேக்கா வந்தாங்க?"

என் மருமகன் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. "இல்லப்பா, வேலைக்கு வந்தாங்க" என்றேன். பையன் என்ன நினைத்தானோ, அதற்குப் பிறகு கடலில் குளிக்க வேண்டும் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

அப்போது மருமகன், "மாமா, நீங்க சொல்ற ஜெரஜாக் தீவு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தவர், "அட, பாப்பா போகணும்னு சொல்ற கடைத்தொகுதிக்கு நேர் எதிரே!" என்றார். மூன்று நாளாக நான் வாய்விட்டுக் கேட்காதது, சப்பாத்துக் கடையின் புண்ணியத்தில் கைக்கு வந்தது.

எதிர்க்கரையில் நின்றபடி

அறையைக் காலி செய்து, சாமான்களை ஓட்டல்காரரிடமே ஒப்படைத்துவிட்டு, தெற்கே போனோம். பேத்தியும் மகளும் கடைக்குள் போனார்கள். நாங்கள் மூன்று பேர், கூடவே பேரன், சாலையைக் கடந்து கடலோரம் நின்றோம்.

நேர் எதிரே, கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல, பச்சைக் காடு மூடிய ஒரு தீவு. இவ்வளவுதானா என்று முதலில் தோன்றியது. 1868-இல் தொழுநோயாளிகளுக்கு இருப்பிடமாக அது தொடங்கியது. பிறகு கப்பலில் வந்தவர்களை நிறுத்திவைக்கும் முகாம். பிறகு காசநோயாளிகளுக்கு இடம். 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை. வேண்டாதவர்களை, சந்தேகப்பட்டவர்களை ஊருக்குள் விடாமல் வைக்க ஒரு தீவு. ஆனாலும், இந்த நாட்டுத் தோட்டங்களில் பால் வெட்டிய எத்தனையோ குடும்பங்களுக்கு மலாயா மண்ணில் முதல் சோறு அந்த இடத்தில்தான் கிடைத்தது. அம்மா குறை சொன்னதில்லை. "வரிசையா உக்கார வெச்சு சோறு போட்டாங்கடா. வயிறு நெறய" என்று அதைத்தான் சொல்வார்.

ஏழு வயதுப் பெண், அந்தக் கரையில் நின்று இந்தக் கரையைப் பார்த்திருப்பாள். இங்கே அப்போது இந்த உயரக் கட்டடங்கள் இல்லை. சாலை இல்லை. தனக்கு என்ன காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அப்பாவை இழக்கப் போகிறோம் என்று தெரியாது. ஐம்பது வருஷம் பால் வாளி தூக்கப் போகிறோம் என்று தெரியாது. எண்பதுக்கு மேற்பட்ட வருஷங்களுக்குப் பிறகு, தன் மகன் இந்தக் கரையில் நின்று தன்னைத் தேடுவான் என்றும் தெரியாது.

மனைவி பையிலிருந்து அந்த ஒரு முழம் மல்லிகையை எடுத்து என் கையில் கொடுத்தாள். பாறைமேல் பார்த்துக் காலை வைத்துக் குனிந்து தண்ணீரில் விட்டேன். "அம்மா, நாந்தான் வந்தேன். நீ இல்லாம வந்தேன். மன்னிச்சிக்க" என்று சொன்னேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. பூ சட்டென்று போகவில்லை. பாறையிலேயே மோதி மோதி நின்றது. பேரன் ஒரு குச்சி எடுத்து அதை மெல்லத் தள்ளிவிட்டான். பிறகு போயிற்று.

அம்மா போன வழி

சாமான்களை எடுத்துக்கொண்டு ஃபெரித் துறைக்கு வந்தோம். வழியில் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் தாவ் சார் பியாவும் ஜாதிக்காய் ஊறுகாயும் வாங்கினோம். கம்பெனிக் காலத்தில் இங்கே ஜாதிக்காய்த் தோட்டங்கள் போட்டார்கள். அதன் மிச்சம்தான் இந்த ஊறுகாய். தோட்டம் என்றால் நமக்கு ரப்பர்தான் ஞாபகம் வரும். அதற்கு முன்னேயே எத்தனையோ தோட்டங்கள் வந்து போயிருக்கின்றன.

ஃபெரி 1894 முதல் இந்தக் கடலைக் கடக்கிறது. மஞ்சளும் நீலமும் பச்சையுமாக இரண்டு தட்டோடு காடிகளை ஏற்றிவந்த பழைய ஃபெரிகள் 2020 முடிவில் ஓய்வுபெற்றுவிட்டன. 2023 முதல் புதிய ஃபெரிகள் ஓடுகின்றன. உள்ளே குளிர்ச்சி, நல்ல இருக்கை. கால் மணி நேரத்துக்குள் அக்கரை. நான் கொடிமலையைப் பார்த்தபடியே வந்தேன். வந்தவர்களுக்கு முதலில் தெரிகிற மலை, போகிறவர்களுக்குக் கடைசியில் மறைகிறது.

பட்டர்வொர்த்தில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் ரயில். பள்ளி விடுமுறையில் சீட்டு கிடைப்பது கஷ்டம். போகிறவர்கள் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். ஈப்போவில் இறங்கி வேறு ரயில் மாறினோம். கம்பார், தாப்பா ரோடு என்று ஊர்கள் ஓடின. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பிறையிலிருந்து சுங்காய் வரைக்கும் அம்மா வந்ததும் இதே பாதைதான் என்று அப்போதுதான் உறைத்தது. அன்று கரி வண்டி, இன்று மின்சார வண்டி. அன்று இருட்டில் தெரியாத ஊருக்குப் போனாள். நான் என் ஊருக்குப் போகிறேன். அவள் போனதால்தான் அது என் ஊர்.

ரயிலில் உட்கார்ந்தபடியே தெலுக் இந்தானில் இருக்கும் சின்னம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு எண்பத்தைந்து வயது. இன்னும் தன் துணியைத் தானே துவைக்கிறார்.

"சின்னம்மா, நாங்க ஜெரஜாக் தீவைப் பாத்துட்டு வர்றோம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அக்கா சொல்லிக்கிட்டே இருக்கும்..." என்றார்.

"ஒங்களையும் ஒரு நாளைக்குக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன் சின்னம்மா. பினாங்கு தூரம்னா லூமுட்டுக்குப் போவோம். தெலுக் பாத்தேக்ல மணல்ல உக்காந்துட்டு வரலாம்."

"எப்போ?"

"அடுத்த மாசம்..."

"அடுத்த மாசம்னு சொல்லாத தம்பி. தேதியச் சொல்லு."

வாசக நேயர்களே, உங்கள் வீட்டிலும் இப்படிக் கேட்டுக் காத்திருக்கிற ஒருவர் இருப்பார். கேட்காமலே காத்திருக்கிறவரும் இருக்கலாம். அவர் பார்க்க ஆசைப்படுகிற இடம் வெகு தூரமாக இருக்காது. பெரிய செலவும் ஆகாது. நான் ரயிலிலேயே நாள்காட்டியைப் பார்த்து, அந்த மாதத்து இரண்டாவது ஞாயிறு என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொன்ன தேதியில் போயும் வந்தோம்.